கஸ்தூரி சாப்பிடவில்லை

சர்க்கஸில் கரடியும் சிங்கமும் இருந்த காலத்தில் நடந்தது இது.

சிறுமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, நாலு முருங்கை மரம், அவ்வளவுதான். அங்கே உமையாள் அம்மை இருந்தார். இருபது வருஷம் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுக் காவிக்கு வந்தவர். "எனக்கு மோட்சம் உண்டா தாயே?" என்று யாராவது காலில் விழுந்தால், "ராத்திரி நல்லாத் தூக்கம் வருதா?" என்று கேட்பார். பாதிப்பேர் அதோடு வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

போகாதவர்களில் ஒருவர் இருளப்பன். அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்தைந்து. சீடர் குருவைத் "தாயே" என்பார், குரு சீடரை "அண்ணே" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

இருளப்பன் நியூ பரணி சர்க்கஸில் முப்பத்தெட்டு வருஷம் மிருகம் பழக்கியவர். திண்டுக்கல் பக்கம் கூடாரம் போடும்போதெல்லாம் காலைத் தீனி வைத்துவிட்டு மடத்துக்கு வருவார், சாயங்காலத் தீனிக்குள் திரும்பிவிடுவார். கடைசியில் முழங்கால் தேய்ந்துபோய், சர்க்கஸை விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு மடத்துக்கே வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்கே கேட்டார்.

"தாயே, காட்டுல இருக்கவேண்டிய ஜீவன்களைக் கூட்டத்துக்கு முன்னால ஆட வெச்சுப் பொழச்சவன் நான். ஆனா ஒருநாளும் அடிச்சதில்ல. சத்தியமாச் சொல்றேன், சாட்டை என் கையில சும்மா சத்தத்துக்குத்தான் இருந்துச்சு. நான் செஞ்சது தப்பா, சரியா?"

"முருங்கைக்குத் தண்ணி ஊத்தணும் அண்ணே," என்றார் அம்மை.

ஊற்றினார். மறுநாளும் கேட்டார். கிணற்றுக் கயிறு இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாள் ஓட்டில் பூனை ஏறி இரண்டு ஓடு சரிந்திருந்தது. இந்த அம்மாவுக்குப் பதில் தெரியுமா, தெரியாமலே ஆளை ஓட்டுகிறதா என்று இருளப்பனுக்கு உள்ளுக்குள் எரிச்சல்கூட வந்துவிட்டது. குருவாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் காலையில் மைதீன் பாய் வந்தார். சர்க்கஸ் சமையல்காரர். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்.

"மாஸ்டர், கஸ்தூரி சாப்பிட மாட்டேங்குது."

"என்னது?"

"நீங்க போன அன்னிக்கு ராத்திரியிலேருந்து. தண்ணி மட்டும் குடிக்குது. ரொட்டி வெச்சோம், பலாச்சுளை வெச்சோம், முதலாளி தேன் பாட்டிலே வாங்கிட்டு வந்தாரு. தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. டாக்டர் வந்து ஊசி போட்டாரு. நோவு ஒண்ணும் இல்லையாம். இன்னும் நாலஞ்சு நாள் இப்படியே போனா தாங்காதுன்னுட்டாரு."

கஸ்தூரி என்பது கரடி. பதினொரு வருஷமாக இருளப்பன் கையால் சாப்பிட்ட பெண் கரடி. அதற்காகவே அவர் அந்தப் பதினொரு வருஷத்தில் ஒருநாள் லீவு எடுத்ததில்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டின கையோடு பந்தியில் உட்காராமல் ஓடிவந்தவர்.

இருளப்பனுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நாம் ஒரு வேளை வீட்டில் இல்லையென்றால் நமக்காக யார் சாப்பிடாமல் இருக்கிறார்கள்?

அடுக்களைக்குப் போனார். அம்மை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாயே, எனக்குப் பதில் கிடைச்சிருச்சு. கஸ்தூரி எனக்காகப் பத்து நாளாப் பட்டினி கிடக்கா. நான் தப்பு செஞ்சிருந்தா எனக்காக ஒரு உசுரு இப்படிக் கிடக்குமா? நீங்களே சொல்லுங்க."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"நீங்களுமா வர்றீங்க?"

"பட்டினி கிடக்குறவளைப் பாக்கவேண்டாமா?" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கூடாரம் அப்போது ஒட்டன்சத்திரத்தில், சந்தைத் திடலில் இருந்தது. பஸ்ஸில் பாய் முன்சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார். அம்மை இருளப்பனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"எந்த வயசுல வந்தா?"

"ரெண்டு கைக்குள்ள அடங்குவா தாயே. காட்டுல எவனோ தாயைச் சுட்டுட்டுக் குட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கான். கை மாறிக் கை மாறி எங்ககிட்ட வந்தா. புட்டிப்பால் கொடுத்தது நான்தான்."

"என்ன வேலை செய்வா?"

இருளப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"விருந்து ஐட்டம்! ரிங்குக்கு நடுவுல மேசை, நாற்காலி. கழுத்துல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு ஜம்முனு வந்து உக்காருவா. தட்டுல ரொட்டியும் வெல்லப்பாகும் இருக்கும். தொடமாட்டா. நான் ஜோக்கரோட வம்பு பேசுவேன், ரிங்கை ரெண்டு சுத்து சுத்துவேன். கூட்டமே 'சாப்பிடு, சாப்பிடு'ன்னு கத்தும். அப்பவும் தொடமாட்டா. கடைசியா நான் வந்து நெத்தியில கை வெச்சு ஒரு சலாம் வெப்பேன். வெச்சதும்தான் தட்டுல கை வெப்பா. கைதட்டல் அள்ளிட்டுப் போகும் தாயே."

"அடிக்காம எப்படிக் கத்துக்கொடுத்தீங்க?"

"தட்டை எடுத்துருவேன். சலாமுக்கு முன்னால வாயை வெச்சா தட்டு போயிரும். அடுத்த வேளைதான். பதினெட்டே நாள், படிஞ்சிருச்சு. அவ்வளவு கெட்டிக்காரி."

"அந்தப் பதினெட்டு நாளும் நீங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டீங்களா?"

"நான் எதுக்குத் தாயே சாப்பிடாம..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். 

கூண்டுக்கு முன்னால் சர்க்கஸே கூடியிருந்தது. அந்தரத்தில் பார் விளையாடுகிற பெண்கள், சைக்கிள்காரர்கள், இரண்டு ஜோக்கர்கள், நடுவில் நாணு முதலாளி. தலச்சேரிக்காரர், பெரிய உடம்பு, சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறவர்.

கஸ்தூரி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. மயிர் மங்கி, இடுப்பெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. தட்டில் இருந்த ரொட்டியில் எறும்பு ஏறியிருந்தது.  பாய் ஓடிப்போய் வேறு தட்டில் புது ரொட்டியும் பாலும் கொண்டுவந்து வைத்தார்.

இருளப்பன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மற்றக் கை தானாக நெற்றிக்குப் போனது.

"என்ன மகாராணி, இப்படிப் பண்ணிட்டியே! சலாம் மகாராணி, சலாம்!"

கஸ்தூரி எழுந்தது. தள்ளாடிக்கொண்டு வந்து தட்டில் மூஞ்சியை வைத்தது. கண் மூடித் திறப்பதற்குள் தட்டு காலி.

ஆரவாரம் என்றால் அப்படி ஓர் ஆரவாரம். நாணு முதலாளி தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாசம்னா இதல்லவா பாசம்! எழுதி வெச்சா யாராவது நம்புவாங்களா?"

ஜோக்கர்களில் ஒருவன், "மாஸ்டர், நான் ரெண்டு நாள் வீட்டுக்குப் போகலைன்னா என் வீட்டுக்காரி அன்னிக்குத்தான் நிம்மதியாச் சாப்பிடுறா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இருளப்பனும் அழுதுகொண்டே சிரித்தார்.

முதலாளி அவர் தோளில் கை போட்டார். "கால் வலின்னா நாற்காலி போட்டு உக்காந்துக்கோ இருளப்பா. வேற எந்த மிருகத்தையும் நீ பாக்கவேண்டாம். கஸ்தூரி ஐட்டம் மட்டும் போதும். உன்னை விட்டு அது இருக்காது."

இருளப்பன் அம்மையைத் தேடி வந்தார். அம்மை ஒரு முக்காலியில் உட்கார்ந்து கரடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயே, நான் இங்கேயே இருந்துடறேன். என்ன சொல்றீங்க?"

"அடுத்த தீனி எப்ப?"

"நாலு மணிக்கு."

"அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

நாலு மணிக்குத் தட்டு வந்தது. இருளப்பன் வாங்கக் கையை நீட்டினார்.

"இந்த வேளை பாய் வைக்கட்டும்," என்றார் அம்மை.

"பாயா? அவளுக்கு பாயைக் கண்டாலே ஆகாதே தாயே. போன வருஷம் கொதிக்கிற கஞ்சி கை தவறி அவ கால்ல கொட்டிருச்சு. அன்னிலேருந்து உறுமல்தான்."

"நான் என்ன வேணும்னா கொட்டினேன்," என்றார் பாய் வருத்தத்தோடு.

"பரவால்ல, பாயே வைக்கட்டும். அண்ணே, நீங்க அவ கண்ணுல படுற மாதிரி இங்க உக்காருங்க. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோங்க. நான் சொல்றவரைக்கும் எடுக்கவேண்டாம்."

குரு சொன்னால் சொன்னதுதான். இருளப்பன் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பாய் தட்டை உள்ளே தள்ளினார். கஸ்தூரி அவரைப் பார்த்து உறுமியது. தட்டைப் பார்த்தது. பிறகு இருளப்பனைப் பார்த்தது.

"சாப்பிடு தாயி. நான்தான் வந்துட்டேன்ல? இங்கதானே இருக்கேன்?"

கஸ்தூரி சாப்பிடவில்லை.

"சாப்பிடு கண்ணு. மத்தியானம் சாப்பிட்டியே. சாப்பிடு."

அவர் குரல் இருக்கிறது, வாசனை இருக்கிறது, ஆளே எதிரில் இருக்கிறார். கஸ்தூரி தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தது. எச்சில் ஒழுகித் தரையில் விழுந்தது. முன்னங்கால் நடுங்கியது. மூக்குக்கும் ரொட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலை அது தாண்டவில்லை.

"தாயே, பாவம் தாயே. எனக்குப் பாக்க முடியல."

"அவ எங்க பாக்குறா அண்ணே?"

"என்னைத்தான்."

"உங்க மூஞ்சியையா?"

இருளப்பன் நன்றாகப் பார்த்தார். கஸ்தூரியின் கண் அவர் முகத்தில் இல்லை. வலது தோளில் இருந்தது. தோளிலிருந்து இறங்கி, முழங்கைக்கு வந்து, கை தொடைக்கு அடியில் மறைகிற இடத்தில் கொஞ்சநேரம் நின்று, மறுபடி தோளுக்குப் போனது.

"பாய், நெத்தியில கை வெச்சு ஒரு சலாம் வையுங்க," என்றார் அம்மை.

"நானா? யாருக்கும்மா?"

"அவளுக்குத்தான்."

மைதீன் பாய் கூச்சத்தோடு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

கஸ்தூரி தட்டில் மூஞ்சியை வைத்துவிட்டது.

வம்பு பேசின ஜோக்கர்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ரொட்டி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாணு முதலாளிதான் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அடச்சே! இவ்வளவுதானா? ஒரு சலாமுக்கா பத்து நாள் டாக்டரும் ஊசியும்? நல்ல வேளை அம்மா வந்தீங்க. இருளப்பா, நீ நிம்மதியா மடத்துக்குப் போ. உடம்பு தேறட்டும், அப்புறம் ரிங்குல பாயை நிறுத்திக்கலாம். கோட்டை மட்டும்தான் ஆளுக்குத் தக்கன மாத்தித் தைக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை. கரடி பிழைத்துவிட்டதென்று அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இருளப்பன் யானைக் கொட்டகைக்குப் பின்னால் போய், வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். அம்மையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது தாயே. அது ஐட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. கூண்டுலயும் சலாம் வெச்சுத் தீனி போட்டாத்தான் பழக்கம் விட்டுப்போகாதுன்னு ஆரம்பத்துல வெச்சேன். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அப்புறம் கை தானாவே போக ஆரம்பிச்சிருச்சு. நானும் மறந்துட்டேன். மகாராணி, சலாம்னு... செல்லம் கொஞ்சுறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஊம்."

"பத்து நாளு. சோறு முன்னால இருக்கு. பசி உள்ள இருக்கு. என் உத்தரவுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கா."

"ஊம்."

"நான் பெருமைப்பட்டேன் தாயே. அவ சாகக் கிடந்ததை நெனச்சு நான் பெருமைப்பட்டேன்."

அதற்கு அம்மை ஊம்கூடச் சொல்லவில்லை. யானை ஒன்று தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது.

"கத்துக்கொடுக்கப் பதினெட்டு நாள்னு சொன்னீங்களே, அதை எடுக்க எத்தனை நாளாகும்?"

"எடுக்கறதா?" இருளப்பன் நிமிர்ந்தார். "மிருகத்துக்கு ஏத்துனதை எடுத்தவன் எனக்குத் தெரிஞ்சு எவனும் கிடையாது. எதுக்கு எடுக்கணும்? எடுத்துட்டா அப்புறம் சர்க்கஸுல அதுக்கு என்ன வேலை?"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அம்மை பையை எடுத்துக்கொண்டார். "ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். நீங்க மெதுவா வாங்க அண்ணே."

இருளப்பன் கூடாரத்தில் தங்கினார். கஸ்தூரி தேறும்வரை தீனி நான்தான் வைப்பேன் என்றார். முதலாளி சந்தோஷமாகச் சம்மதித்தார்.

முதலில் சலாம் வைத்துவிட்டுத் தட்டை வைத்தார். பிறகு கையை நெற்றிவரை கொண்டுபோகாமல் மூக்கோடு நிறுத்தினார். பிறகு நெஞ்சோடு. பிறகு ஒரு விரலை மட்டும் தூக்கினார். ஒவ்வொரு படிக்கும் நாலைந்து நாளானது. ஒரு விரலும் தூக்காத முதல் நாள், கஸ்தூரி காலையிலிருந்து சாயங்காலம்வரை தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தது. அன்றைக்கு இருளப்பனும் சாப்பிடவில்லை. சாயங்காலம் தாங்கமாட்டாமல் விரலைத் தூக்கிவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கூடாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரத்துக்குப் போனது. இவரும் லாரியில் கூடவே போனார்.

அங்கேதான் தட்டையே விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வெல்லத்தை மூங்கில் குழாய்க்குள் அடைத்து வைத்தார். வாழைப்பழத்தை வைக்கோலுக்குள் புதைத்தார். தட்டு இல்லாத தீனிக்கு எந்தச் சட்டமும் கஸ்தூரிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. குழாயை உருட்டிப் பார்த்தது, நக்கிப் பார்த்தது, உறிஞ்சியது. இருளப்பன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

அங்கிருந்து தட்டுக்கு வர மேலும் இரண்டு வாரம். நாற்பத்தேழாம் நாள் காலையில் பாய்தான் தட்டை வைத்தார். கஸ்தூரி ஒரு உறுமல் உறுமிவிட்டு, யார் கையையும் பார்க்காமல், இருளப்பனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டது.

உடம்பு தேறிவிட்டதென்று அந்த வாரமே முதலாளி கஸ்தூரியை ரிங்கில் இறக்கினார். மேசை போட்டார்கள், கழுத்தில் துண்டைக் கட்டினார்கள், தட்டை வைத்தார்கள். ஜோக்கர் வாயைத் திறப்பதற்குள் தட்டு காலி. கஸ்தூரி நாற்காலியைவிட்டு இறங்கி, முன்வரிசையில் ஒரு பையில் இருந்த முறுக்கைத் தேடிப் போனது. கூட்டம் அலறிக்கொண்டு எழுந்தது.

"என் கரடியைக் கெடுத்துட்டியே இருளப்பா!" என்று முதலாளி கத்தினார்.

"ஆமா முதலாளி. கெடுத்துட்டேன்."

"தட்டைக் கண்டதும் சாப்பிடுற கரடியைப் பாக்க எவன்டா டிக்கெட் வாங்குவான்?"

"எவனும் வாங்கமாட்டான்."

இரண்டு நாள் முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். சர்க்கஸ் கரடிகளை விடுவதற்கென்று மேற்கு மலைப் பக்கம் காட்டிலாகா பெரிய வேலி போட்டு ஓர் இடம் வைத்திருந்தது. கஸ்தூரியைத் தரச்சொல்லி இரண்டு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். "கொண்டுபோகச் சொல்லி எழுதிப் போட்டுட்டேன்," என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே இங்க இருந்து அது என்ன செய்யும்?"

லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இருளப்பன் மடத்துக்குத் திரும்பினார். அம்மை, "வாங்க அண்ணே, சாப்பிடுங்க," என்றார்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலையில் இருளப்பன் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தாயே, ஒரு எட்டு அவளைப் பாத்துட்டு வரட்டுமா?"

"போயிட்டு வாங்க."

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார். முகம் செத்திருந்தது. அம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருளப்பன் எதிரே உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயே. வேலிக்கு இந்தப் பக்கம் காலையிலேருந்து உச்சி வரைக்கும் நின்னேன்."

"வந்தாளா?"

"வரல. ஒரு தடவை மூக்கைத் தூக்கி மோந்து பாத்தா. நான்தான்னு தெரிஞ்சிருக்கும். தெரியாம இருக்காது. காத்து என் பக்கத்திலேருந்துதான் அடிச்சுது. அப்புறம் திரும்பிப் போயிட்டா. அங்க ஒரு கரையான் புத்து. அதைத் தோண்டிக் கரையானை உறிஞ்சித் தின்ன ஆரம்பிச்சுட்டா. உச்சி வரைக்கும் தோண்டிக்கிட்டே இருந்தா."

"நீங்க கூப்பிடலையா?"

"கூப்பிடல. ஒரு சலாம் வெச்சிருந்தா வந்திருப்பாளோ என்னவோ. கை பாதி எந்திரிச்சிருச்சு தாயே. இந்தக் கையால அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

அம்மை ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளித் தள்ளினார்.

இருளப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விக்கி விக்கி அழுதார். அறுபத்தொரு வயது ஆள் அப்படி அழுது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"புட்டிப்பால் கொடுத்து வளத்தேனே தாயே! காய்ச்சல்ல கிடந்தப்ப மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தேனே! ஒரு கரையான் புத்துக்கு இருக்குற மதிப்புகூட எனக்கு இல்லாமப் போச்சே! இத்தனை வருஷம் நான் அவளுக்கு யாருதான்? சொல்லுங்க. இதையாவது சொல்லுங்க தாயே."

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். அவர் அழுது ஓயட்டும் என்று காத்திருந்தார். ஓய்ந்ததும் கேட்டார்.

"அண்ணே, நல்லாத் தோண்டுனாளா?"